கல்லீரலுக்குக் கல் என்று பெயரிட்டவர்கள்

சொற்பிறப்புப் பற்றி முதுகலை வகுப்பில் பேச நேரும்போதெல்லாம் நான் தவறாமல் தரும் எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. நுரையீரல், மண்ணீரல், கல்லீரல். மூன்றும் ஈரல்தாம். நுரைபோல் அமுங்குவது ஒன்று, மண்போல் குழைவது ஒன்று, கல்போல் திண்மை உடையது ஒன்று. இப்பெயர்களை இட்டவர் யாராயினும் அவர் ஏட்டைப் பார்த்து இடவில்லை, கைவைத்துப் பார்த்து இட்டிருக்கிறார் என்பது என் துணிபு. ஆட்டிறைச்சிக் கடைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

உறுப்பைத் தொட்டுணர்ந்து பெயரிட்ட அதே மொழி, அவ்வுறுப்பின் நோய்க்கு மட்டும் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டுவிட்டது. மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானால் நோய். மஞ்சள் தெளிந்தால் நலம். இந்தச் சிறு பிழையின் விலை என்னவென்று 2016ஆம் ஆண்டு வரை எனக்குத் தெரியாது.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, என் அண்ணன் ஒரு வாளி நிறைய இரத்தமாக வாந்தி எடுத்தார். ஊரில் சிறிய அச்சகம் வைத்திருப்பவர்; அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. வெற்றிலைகூடப் போடாதவர். மாவட்டத் தலைநகரின் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். கல்லீரல் இறுகிப்போனதால், குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடியிலுள்ள நாளங்கள் புடைத்து, அவற்றில் ஒன்று வெடித்திருக்கிறது என்றார்கள். வெளியே நின்ற உறவினர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "நமக்குத் தெரியாம குடிச்சிருப்பான் தம்பி" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் இரத்தவாந்தியைவிட அதிக நாள் எங்கள் குடும்பத்தை வருத்தியது. கல்லீரல் கெட்டால் அவன் குடிகாரன் என்பது நம் ஊரின் எழுதப்படாத சட்டம்.

காரணம் மறுநாள் தெரிந்தது: ஹெபடைடிஸ் பி. அச்சகத்து மேசையின் இழுப்பறையில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. 1990களின் இறுதியில் ஒரு முகாமில் அண்ணன் இரத்த தானம் செய்தபின், தங்கள் இரத்தத்தில் இக்கிருமியின் மேலுறைப் புரதம் காணப்படுகிறது, மருத்துவரை அணுகவும் என்று வந்த கடிதம். அணுகியிருக்கிறார். அந்த மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு மஞ்சள் இல்லை, பயப்படாதே என்று அனுப்பியிருக்கிறார். ஆனாலும் அண்ணன் மனம் கேட்காமல், ஆண்டுதோறும் ஒரு மண்டலம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்துவந்தார். எங்களிடம் கேட்டால் உடம்புச் சூட்டுக்கு என்பார். கண் ஒருநாளும் மஞ்சளாகவில்லை. ஆகவே குணமாகிவிட்டது என்றே நம்பினார். பதினேழு, பதினெட்டு ஆண்டுகள்.

நிறத்தால் பெயரிடும் பிழையை நாம் மட்டும் செய்ததாக எண்ண வேண்டா. மார்புக்குள் ஒலி கேட்கும் குழலைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1819இல் இறுகிய கல்லீரலுக்குச் 'சிரோசிஸ்' என்று பெயரிட்டார். அது பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அறுத்துப் பார்த்தபோது கண்ணில் பட்ட நிறம் அது. இருநூறு ஆண்டுகளாக உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஒரு தழும்பை அதன் நிறத்தைச் சொல்லியே அழைத்துவருகிறார்கள். வேறுபாடு என்னவென்றால், அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு பார்வையை மாற்றிக்கொண்டார்கள். நாம் பெயரோடு பார்வையையும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது தோன்றும் மஞ்சள் நிறமியைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. அவ்வேலை முடங்கினால் கண்ணில் மஞ்சள் ஏறும். மாசுபட்ட நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ போன்ற திடீர் நோய்களில் இது சட்டென முடங்கும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே மீளும். நாட்பட்ட நோயில் கதை வேறு. கல்லீரலின் ஒரு பகுதி அழிய, மறுபகுதி ஈடுசெய்ய, அழிந்த இடத்தில் நார்த்தழும்பு படர, உறுப்பு ஓசையின்றி இறுகிக்கொண்டே போகும். நிறமி வெளியேற்றம் நெடுங்காலம் சீராகவே இருக்கும். மஞ்சள் தோன்றும்போது கதையின் கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருக்கும். ஆக, கண்ணைப் பார்த்து நோயறியும் நம் முறை தானே ஆறும் நோயை உடனே கண்டுபிடிக்கிறது, ஆறாத நோயை விட்டுவிடுகிறது.

கீழாநெல்லியின் புகழ் பிறந்த இடமும் இதுதான். இலைக்காம்பின் கீழே வரிசையாகக் காய்ப்பதால் கீழ்க்காய்நெல்லி, கீழாநெல்லி (இதுவும் உற்றுப் பார்த்து இட்ட அழகான பெயர்). தானே ஆறப்போகும் காமாலைக்கு அதைக் கொடுத்தார்கள், காமாலை ஆறியது, புகழ் மூலிகைக்குப் போயிற்று. இப்படிச் சொல்வதால் நான் நாட்டு மருத்துவத்தைப் பழிப்பதாக நண்பர்கள் சிலர் சினக்கக்கூடும். முழுவதையும் படித்துவிட்டுச் சினந்தால் மகிழ்வேன். ஏனெனில் இம்மூலிகையை உலக அரங்குக்குக் கொண்டுபோனவர்கள் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே. அந்த வரலாறு நாம் பெருமிதத்தோடும் நேர்மையோடும் சொல்லத்தக்கது.

ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தை முதலில் கண்டவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பர்க். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் அது காணப்பட்டதால் 1965இல் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று அழைத்தார். அது கல்லீரல் அழற்சியோடு தொடர்புடையது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாள். அந்தப் பெரியவர் கீழாநெல்லியைப் பொருட்படுத்தி ஆராய்ந்தார் என்பது பலர் அறியாதது. 1987இல் அவரும் வெங்கடேஸ்வரன் முதலியோரும், ஆய்வுக்குழாயிலும் மர்மோட் வகை அணில்களிலும் அச்செடியின் சாறு இவ்வகைக் கிருமியைத் தடுப்பதாக எழுதினர். 1988இல் சென்னையின் தியாகராஜனும் அவர்தம் குழுவினரும், புளூம்பர்க்கையும் உடன் கொண்டு, லான்செட் இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கிருமி தாங்கியவர்களுக்கு முப்பது நாள் மூலிகைப் பொடி; ஒப்பீட்டுக் குழுவுக்கு வெற்றுப் பொடி. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்குக் குருதியிலிருந்து அப்புரதம் மறைந்தது. மற்றவர் 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 59 விழுக்காடு, 4 விழுக்காடு.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கும் மெய் சிலிர்த்தது. மருத்துவம் செய்யாவிட்டால் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவுக்கே அப்புரதத்தை இழப்பர் என்று தெரிந்த நோயில், ஒரே மாதத்தில் பாதிக்கு மேல்! ஆனால் அறிவியலில் ஒரு முடிவு வெளிவந்தால் அடுத்தவர்கள் அதைச் செய்துபார்ப்பார்கள். தாய்லாந்தில் செய்துபார்த்தார்கள், நெதர்லாந்தில் செய்துபார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்துபார்த்தார்கள். எங்கும் அந்த விளைவு கிட்டவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் ஒருங்குவைத்துச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்புரை, வெற்றுப் பொடியைவிட இம்மூலிகை மேலானது என்று கொள்ள நம்பத்தக்க சான்றில்லை என்று முடித்தது. செடியின் வகை, விளைந்த மண், பறித்த பருவம் வேறு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. முடிவில் கணக்கில் வந்தவர் தொகை 37க்கு 23 என்று சமமின்றி இருந்ததே எனக்கு முதலில் உறுத்தியிருக்க வேண்டும்; நான் எண்களின் பகட்டில் மயங்கிவிட்டேன்.

சென்னை ஆய்வாளர்களிடம் எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. வீட்டு மருந்தைச் சோதனைக் கூண்டில் ஏற்ற அவர்கள் அஞ்சவில்லை. என் வழக்கு நம்மோடுதான். 1988ஆம் ஆண்டுச் செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். அதன்பின் வந்தவற்றை மறந்துவிட்டோம். சுவடியில் ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றப் பிரதிகளை ஆற்றில் விட்டவனைப் பதிப்பாசிரியன் என்று நாம் ஒப்புவோமா? உ.வே.சா. பல ஊர் அலைந்து பல பிரதிகளைத் தேடினாரே, எதற்காக?

இனி, நிறத்திலிருந்து திண்மைக்கு மருத்துவம் நகர்ந்த கதை. என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அறிய முதலில் ஊசியை விட்டார்கள். 1883இல் பால் எர்லிக் தொடங்கிய வழி அது. 1958இல் இத்தாலியின் மெங்கினி, ஊசி ஈரலுக்குள் ஒரு நொடிக்கு மேல் தங்காதபடி செய்தார். ஆயினும் குத்தி எடுக்கும் இழை, முழுக் கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பிடி மண்ணைப் பார்த்து மாவட்டத்தின் நிலவளம் சொல்வதுபோல. வலி, சில வேளை குருதிக்கசிவு, ஆண்டுதோறும் திரும்பச் செய்ய இயலாமை வேறு.

பிரான்சில் வேறொரு வழி பிறந்தது. 2003 முதல் அதைப் பற்றிய ஆய்வுகள் வரலாயின. ஃபைப்ரோஸ்கேன் என்ற பெயரில் இன்று நம் நகரங்களிலும் இருக்கிறது. நோயாளி வலக்கையைத் தலைக்குமேல் வைத்துப் படுத்திருப்பார். விலாவெலும்புகளின் இடையில் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டுவார்கள். அந்தத் தட்டு கல்லீரலுக்குள் ஓர் அதிர்வலையாகப் பரவும். அவ்வலை ஓடும் வேகத்தை மீயொலி அளக்கும். மென்மையான ஈரலில் அலை மெல்லப் போகும். இறுகிய ஈரலில் விரையும். பத்துத் தட்டுகள், சில நிமிடங்கள், ஓர் எண். நலமான ஈரலில் ஐந்து கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும்.

அண்ணனுக்கு அச்சோதனை நடந்தபோது நான் அருகில் நின்றிருந்தேன். அச்சத்தில் 'ஈரக்குலை நடுங்குகிறது' என்போமே, அந்த நடுக்கத்தை ஒருவர் உண்மையாகவே உண்டாக்கி, அதன் வேகத்தைத் திரையில் அளந்துகொண்டிருந்தார். கல்லீரலைக் கல் என்று தொட்டுச் சொன்ன என் முன்னோரும் இக்கருவியைச் செய்தவர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று அந்த இருட்டறையில் தோன்றியது. எண் 19 என்று வந்தது. தோன்றிய எண்ணமெல்லாம் அடங்கிப்போயிற்று.

கருவி இல்லாத ஊரில் என்ன செய்வது? எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஏஎஸ்டி என்னும் நொதியின் அளவை அதன் இயல்பு உச்சத்தால் வகுத்து, வந்ததைத் தட்டணுக்களின் எண்ணிக்கையால் (ஆயிரங்களில்) வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 2003இல் வெளிவந்த இந்தக் கணக்குக்கு ஏப்ரி என்று பெயர். கல்லீரல் இறுகினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதே இதன் உட்பொருள். உலக நலவாழ்வு நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஹெபடைடிஸ் பி உள்ள வயதுவந்தோர்க்கு இவ்வெண் 0.5ஐத் தாண்டினாலே குறிப்பிடத்தக்க தழும்பு எனக் கொண்டு மருந்து தொடங்கலாம்; 1ஐத் தாண்டினால் சிரோசிஸ் எனக் கருத இடமுண்டு.

அண்ணனின் கோப்பில் 2011இல் ஆயுள் காப்பீட்டுக்காக எடுத்த பரிசோதனைத் தாள் ஒன்று இருந்தது. ஏஎஸ்டி 58; இயல்பு உச்சம் 40; தட்டணு 1,18,000. நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 1.23. இரத்தவாந்திக்கு ஐந்தாண்டு முன்னமே நோய் தாளில் அச்சாகி இழுப்பறையில் கிடந்திருக்கிறது. யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு கையெழுத்து: 'மஞ்சள் இல்லை'. அந்தக் கையெழுத்துக்கு உரியவர்மேல் எனக்குப் பல நாள் சினம் இருந்தது. பிறகு ஓர் எண்ணிக்கையைப் படித்தேன். 2022 நிலவரப்படி உலகில் ஹெபடைடிஸ் பி உடையோர் 25.4 கோடி, அவர்களுள் தமக்கு நோய் உண்டெனக் கண்டறியப்பட்டோர் 13 விழுக்காடு. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேர் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஒரு கையெழுத்தின்மேல் எவ்வளவு சினத்தை ஏற்றுவது?

கண்டறிந்தபின் என்ன பயன், இறுகியது இறுகியதுதானே என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கல்லீரல் தழும்பு மீளாது என்றே பழைய நூல்கள் எழுதின. 2013இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. டெனோபோவிர் என்னும் மாத்திரையை ஐந்தாண்டு உண்டவர்களில் 348 பேரின் கல்லீரல் இழையை முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர் 96 பேர். அவர்களில் 71 பேருக்கு ஐந்தாண்டு முடிவில் அது இல்லை. கிருமி முற்றும் ஒழியவில்லை. மாத்திரை அதைப் பெருகாமல் அடக்கிவைத்தது, அவ்வளவே. அடங்கியிருந்த அவகாசத்தில் ஈரல் தன் தழும்பைத் தானே கரைத்துக்கொண்டது. நம் நாட்டில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இச்சோதனையும் மாத்திரையும் இலவசம். இதைத் தெரியாதவர்கள் என் கல்லூரி ஆசிரியர் அறையிலேயே பலர்.

பத்தியம் பற்றியும் சொல்லவேண்டும். அண்ணன் வீடு திரும்பியதும், உறவினர் கூடி அவர் தட்டிலிருந்து பருப்பு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் விலக்கிக் கஞ்சியில் நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் தோளெலும்பு தெரிந்தது. புரதம் மூளையைக் கலக்கும் என்பது மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியதுதான். 2004இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், கல்லீரல் நோயால் மனம் குழம்பிய நிலையில் இருந்தவர்களுக்கே வழக்கமான அளவு புரதம் கொடுத்துப் பார்த்து, கேடொன்றும் இல்லை என்று காட்டினார்கள். இரவு படுக்குமுன் சிறிது உண்பது தசையைக் காக்கும் என்று நியூசிலாந்தில் 2008இல் கண்டார்கள். நோயுற்ற ஈரலால் இரவு முழுதும் தாங்கும் அளவுக்கு மாவுச்சத்தைச் சேமிக்க இயலாது. உப்பைக் குறைப்பது சரி. நீர்கோத்தவர்க்கு அது மருந்து. மற்றபடி எங்கள் அண்ணிதான் இந்த ஆராய்ச்சிகளின் பெயர்கூடத் தெரியாமல், மருத்துவர் சொன்ன ஒரே சொல்லை நம்பி, ஊரின் பேச்சையெல்லாம் தாண்டி, இரவு ஒன்பதரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் வைக்கத் தொடங்கினார். அதற்காக அவர் கேட்ட வசவு கொஞ்சமன்று.

2024இல் அண்ணனின் எண் 9. எண் இறங்குவதெல்லாம் தழும்பு கரைவதாகாது, வீக்கம் வடிந்தாலும் இறங்கும் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆறு மாதத்துக்கொருமுறை புற்று உண்டா என்று மீயொலிச் சோதனை. புடைத்த நாளங்களுக்கு ஒரு மாத்திரை. கிருமிக்கு ஒரு மாத்திரை. அச்சகம் நடக்கிறது.

குடும்பத்தார் அனைவரும் இரத்தம் பார்க்கவேண்டும் என்று 2016லேயே சொல்லியிருந்தார்கள். எனக்கு இல்லை, தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொண்டேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. கிருமி அடங்கிய நிலை, மருந்து தேவையில்லை, ஆண்டுதோறும் பார்த்தால் போதும் என்றார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நாட்பட்டு நிலைக்கும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவு. அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளுக்குள் போடும் தடுப்பூசி அக்காலத்தில் உலகில் எங்கும் இல்லை.

அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. தமிழ் முதுகலை படித்தவன், இருபதாண்டு தமிழ் கற்பிப்பவன், அன்று எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. காமாலை என்றால் பொய். கல்லீரல் அழற்சி என்றால் அம்மாவுக்கு விளங்காது. கடைசியில், "ஈரல்ல ஒரு பூச்சி இருக்கும்மா, ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டயிருந்துதான் பெரியவனுக்குப் போச்சா?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையிலேயே அடுத்த கேள்வி: "அப்ப உனக்கு ஏன் வரல?" நான் ஏழு ஆண்டு பின்னால் பிறந்தவன், வயதாக ஆகத் தாயின் உடலில் கிருமி அடங்கிவிடுவதுண்டு, அதனால் பிந்திய பிள்ளை தப்புவதுண்டு என்று மருத்துவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். சொன்னபின் சொல்லியிருக்கவேண்டாமோ என்று பட்டது.

மறுநாள் முதல் அம்மா தமக்கென ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியே எடுத்துவைத்துக்கொண்டார். பாத்திரத்தால் தொற்றாது, சேர்ந்து உண்பதால் தொற்றாது, தொட்டால் தொற்றாது என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. தலையாட்டுவார். தட்டு தனியாகவே இருக்கிறது. அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில், வேறு எதையும் தொடாமல், நேரே போய் அந்தத் தம்ளரை எடுத்துத்தான் தண்ணீர் குடிக்கிறார்.